பதினெட்டாம் குழியின் இடது பக்கம்

கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ மட்டையைச் சுழற்றினால் அதற்குப் பின்னால் இருக்கும் பயிற்சி கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு மூட்டும் தன் முறை வரும்வரை காத்திருந்து அசைவதுபோல இருக்கும். அதே காலத்தில் ஆடிய வேல்ஸ்காரர் இயன் வூஸ்னமிடம் அந்தத் தடயமே கிடையாது. பந்துக்கு முன்னால் வந்து நிற்பார், இலக்கை ஒரு பார்வை பார்ப்பார், மட்டை பின்னால் போகும், திரும்பி வரும், அவ்வளவுதான். பந்து மட்டும் நம்ப முடியாத தூரத்தில் போய் விழுந்திருக்கும்.

அவர் உயரம் 5 அடி 4½ அங்குலம். உயரமானவர்களுக்கு நீண்ட கைகள் பெரிய வட்டத்தைத் தருகின்றன, அதனால் மட்டையின் முனை தானாகவே வேகம் எடுக்கிறது. குள்ளமானவருக்கு அந்த வசதி இல்லை. வூஸ்னம் அதை ஈடுகட்டிய விதத்தைப் பழைய ஒளிப்பதிவுகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம். மட்டை மேலே போய்க் கீழே திரும்பும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுவார்கள், தோள் முந்திக்கொள்ளும். இவருக்கு அங்கே துளியும் பதற்றம் இல்லை. தடித்த முன்கைகள் கடைசி நொடிவரை வேலையைத் தொடங்குவதில்லை, தொடங்கியதும் மிச்சம் வைப்பதில்லை. அடித்து முடித்தபின் உடல் சற்றும் தள்ளாடாமல் நிற்கும். அத்தனை பலம் வெளிப்பட்டும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எனக்கு இந்த ஆட்டத்தில் இதைவிட அழகான காட்சி தெரியாது.

அந்த முன்கைகள் அப்பாவின் பண்ணையில் வைக்கோல் கட்டு தூக்கி உரமேறியவை. 1958 மார்ச் 2 அன்று ஆஸ்வெஸ்ட்ரியில் பிறந்தார். வரைபடத்தில் அது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர், குடும்பமோ வேல்ஸ் குடும்பம். அவர் ஆட்டம் கற்ற லானமனெக் மைதானம் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. எல்லைக்கோடு மைதானத்தின் ஊடாகவே ஓடுகிறது. நான்காம் குழியில் வேல்ஸில் நின்று பந்தை அடித்து, இங்கிலாந்தில் குழிக்குள் தட்ட வேண்டும். குன்று என்பதால் காற்று ஓயாது, தரையும் சமமாக இருக்காது. வளரும் பையனுக்குப் பந்தைத் தாழ்வாகவும் உறுதியாகவும் அடிக்கக் கற்றுத்தர அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

பக்கத்திலேயே ஷ்ராப்ஷயரில் இன்னொரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான், சாண்டி லைல். வூஸ்னமைவிட மூன்று வாரம் மூத்தவன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வியப்பு கூடுகிறது. ஸ்பெயினின் செவே பாயெஸ்தெரோஸ், ஃபால்டோ, ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர், லைல், வூஸ்னம் ஐவரும் 1957 ஏப்ரலுக்கும் 1958 மார்ச்சுக்கும் இடைப்பட்ட ஒரே ஆண்டுக்குள் பிறந்தவர்கள். ஐவருமே பின்னாளில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்கள். அவர்களில் கடைசியாகப் பிறந்தவர் வூஸ்னம்.

1976இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். தொடக்கத்தில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் வேனிலேயே தங்கி, டின் பீன்ஸைச் சூடாக்கிச் சாப்பிட்டு, ஐரோப்பாவின் ஊர் ஊராகப் போனார். முதல் பெரிய வெற்றி 1982இல் சுவிட்சர்லாந்தில் வந்தது. 1987இல் எல்லாமே ஒன்றாகக் கைகூடியது. வென்ட்வொர்த்தில் ஒற்றைக்கு ஒற்றை மோதும் உலக மேட்ச் பிளே பட்டம், இறுதியில் தோற்றவர் அதே சாண்டி லைல். ஹவாயில் டேவிட் லூவெலினோடு சேர்ந்து வேல்ஸுக்கு உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு. ஐரோப்பியச் சுற்றில் மொத்தம் 29 பட்டங்கள் சேர்ந்தன. 1990இல் மான்டே கார்லோவில் கடைசி நாள் ஆட்டத்தை 60 ஷாட்டில் முடித்து வென்றதும் அவற்றில் சேர்த்தி.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1991 ஏப்ரல் 14, மாஸ்டர்ஸின் கடைசி நாள், அகஸ்டாவின் பதினெட்டாம் குழி. அந்த வாரம்தான் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்திருந்தார். பதின்மூன்றாம் குழியில் பந்தை ஓடைக்குள் அடித்து ஒரு ஷாட் இழந்தார். உடன் ஆடிய டாம் வாட்சன் பதின்மூன்றிலும் பதினைந்திலும் ஈகிள் (பாருக்கு இரண்டு ஷாட் குறைவு) எடுத்து நெருங்கிவிட்டார். முன்னே போன ஜோடியில் ஹோசே மரியா ஒலாசாபால். கடைசிக் குழிக்கு வரும்போது மூவரும் சமம், 11 அண்டர் பார், அதாவது நிர்ணயித்த ஷாட் கணக்கைவிட 11 குறைவு.

அந்தக் குழி மேட்டில் ஏறி வலப்பக்கம் வளைகிறது. வலப்புறம் நெடுக மரங்கள். வளைவின் இடது மூலையில் இரண்டு மணற்குழிகள். ஒலாசாபாலின் பந்து அந்த மணலில்தான் விழுந்தது, அவர் ஒரு ஷாட் இழந்தார். வாட்சன் எச்சரிக்கையாக 3-வுட் எடுத்தார், அது வலப்புற மரங்களுக்குள் போனது. எச்சரிக்கை காட்டியவருக்கும் அங்கே இடம் இல்லை. வூஸ்னம் மிக நீண்ட தூரத்துக்கான மட்டையான டிரைவரை எடுத்தார். மணற்குழிகளைத் தவிர்க்கும் நினைப்பே இல்லை, அவற்றின் தலைக்கு மேலேயே பந்தை அனுப்பினார். அது ஃபேர்வேயைத் தாண்டி, உறுப்பினர்கள் பயிற்சி செய்யும் திறந்த வெளியில் போய் விழுந்தது. பார்த்தவர்களுக்கு முதலில் தவறிப்போன ஷாட் என்றே தோன்றியிருக்கும். உண்மையில் அந்த மூலையில் அதுதான் மரமும் மணலும் இல்லாத இடம். அந்தத் தூரத்தை எட்டக்கூடியவருக்கு மட்டுமே அது பாதை.

அங்கிருந்து கிரீன் கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கச் சொல்லி, மேட்டில் ஏறிப் போய்க் கொடியைப் பார்த்துத் திரும்பி வந்து, 8-ஐயர்னால் அடித்தார். பந்து கிரீனின் ஓரத்தில் நின்றது. அடுத்த தட்டில் அது குழிக்கு ஆறேழு அடியில் நின்றது. வாட்சன் இதற்குள் பின்தங்கிவிட்டார். இதைப் போட்டால் பட்டம், தவறினால் ஒலாசாபாலோடு மீண்டும் ஆட வேண்டும். அப்போதும் அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என்னைத் தொடுகிறது. வழக்கமான அதே தாளம்: நின்றார், பார்த்தார், தட்டினார். பந்து உள்ளே போனதும் ஒரு காலை மடித்துக் குனிந்து, முஷ்டியைக் கீழிருந்து மேலே வீசினார். அன்று முழுதும் அடக்கி வைத்ததெல்லாம் அந்தக் கையில் இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டு சாம்பியனான ஃபால்டோதான் அவருக்கு வெற்றியாளருக்குரிய பச்சைக் கோட்டை அணிவித்தார். ஆண்களுக்கான நான்கு பெரும் பட்டங்களில் ஒன்றை வென்ற வேல்ஸ்காரர் இன்றுவரை அவர் ஒருவரே.

பத்து ஆண்டு கழித்து, 2001 ஜூலையில், ராயல் லிதமில் நடந்த பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாளில் அவர் மறுபடி முன்னணியில் இருந்தார். அந்த மைதானத்தின் முதல் குழி ஒரு பார்-3, அங்கே டிரைவருக்கு வேலையில்லை. பந்தைக் குழிக்குச் சில அங்குலத்தில் நிறுத்தி பர்டி எடுத்தார். இரண்டாம் குழிக்கு வந்தபோதுதான் பையில் இரண்டு டிரைவர்கள் இருப்பது தெரிந்தது. மொத்தம் 15 மட்டைகள்; விதி 14தான் அனுமதிக்கிறது. முதல் குழி வேறு மாதிரி இருந்திருந்தால் ஆடுமுன்பே தெரிந்திருக்கும். இரண்டு ஷாட் தண்டனையில், பாருக்கு ஒன்று குறைவான பர்டி ஒன்று கூடுதலான போகி ஆனது. கூடுதல் மட்டையைத் தூக்கி எறிந்தார். கோபம் ஆட்டத்தில் தெரிந்தது, ஆனாலும் ஆட்டத்தை மீட்டுக்கொண்டு மூன்றாம் இடத்தைப் பகிர்ந்தார். அந்த இரண்டு ஷாட் இல்லையென்றால் தனியாக இரண்டாம் இடம். பையைச் சுமக்கும் கேடியின் கவனக்குறைவுதான் அது, இருந்தும் அன்று அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நான் வூஸ்னமை மதிக்கும் காரணங்களில் இதுவும் உண்டு.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணிகளாக மோதும் ரைடர் கோப்பையில் எட்டு முறை ஆடியும் ஒற்றையர் ஆட்டம் ஒன்றில்கூட அவர் வென்றதில்லை. ஜோடியாக ஆடும்போது எதிரணியைக் கலங்கடித்தவர், 2006இல் தலைவராக இருந்து ஐரோப்பாவுக்கு 18½–9½ என்று வெற்றி தேடித் தந்தவர், தனியாக மட்டும் அங்கே வெல்லவில்லை. ஒற்றைக்கு ஒற்றை அவருக்கு வராது என்று இதை வைத்து எழுதியவர்கள் வென்ட்வொர்த்தை மறந்துவிட்டார்கள். லிதமில் நொந்து போன அதே 2001இன் அக்டோபரில், 43 வயதில், அங்கே மறுபடி உலக மேட்ச் பிளே இறுதிக்கு வந்தார். எதிரே அவரைவிடப் பதின்மூன்று வயது இளைய பாட்ரிக் ஹாரிங்டன். ஜெயித்தவர் வூஸ்னம். 1987, 1990, 2001 என்று மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் அந்தப் பட்டத்தை வென்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை.