கொலைகாரன் இல்லை, அவ்வளவுதான்

எதிர்வீட்டுப் பெண்ணின் ஜன்னலை இருட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவரைப் பற்றிய படம், முடியும்போது அவருக்காக நம்மை அழ வைத்துவிடுகிறது. பாத்ரீஸ் லகோந்த் 1989இல் எடுத்த 'மெஸ்யூ ஹிர்' அப்படிப்பட்ட படம். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அந்த அழுகை யாருடைய செலவில் வருகிறது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

கதையை முழுசாகச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், சுமார் 80 நிமிடம்தான்.

ஹிர் ஒரு தையல்காரர். தனி ஆள். வழுக்கைத் தலை, கறுப்பு கோட், கடையில் கூண்டுக்குள் வெள்ளெலிகள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவரைப் பிடிக்காது, அவருக்கும் யாரையும் பிடிக்காது. நடித்த மிஷெல் ப்ளானுக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. ஆனால் திரையில் இருப்பவருக்கு 50 என்றாலும் நம்புவோம். தனிமை அவரை அவ்வளவு கிழடாக்கிவிட்டிருக்கிறது. லகோந்தின் நகைச்சுவைப் படங்களில் சிரிக்க வைத்துப் பேர் வாங்கிய நடிகர், இதில் முகத்தில் ஒரு தசையைக்கூட வீணாக அசைக்கவில்லை.

அந்தப் பகுதியில் ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள். இன்ஸ்பெக்டருக்கு ஹிர் மேல் சந்தேகம். ஹிரோ ராத்திரி ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பிராம்ஸின் ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, எதிரே இருக்கும் ஆலிஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் மின்னல் வெட்டுகிறது, அந்த வெளிச்சத்தில் அவள் அவரைப் பார்த்துவிடுகிறாள். பயந்து ஓட வேண்டியவள் அவரைத் தேடி வருகிறாள். அவர் வாசல் பக்கம் தக்காளிகளைக் கொட்டிவிட்டு, குனிந்து பொறுக்குகிறாள். காரணம் பிறகுதான் புரிகிறது. கொன்றவன் அவளுடைய காதலன் எமில். இவர் எதைப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஆனாலும் அவளை நம்புகிறார். லோசான் நகரில் தனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, போய்விடலாம் என்று ரயில் டிக்கெட்டைக் கொடுக்கிறார். ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார். அவள் வரவில்லை. திரும்பி வந்தால் அவருடைய அறையிலேயே இன்ஸ்பெக்டரோடு இருக்கிறாள். செத்தவளின் கைப்பை அங்கே 'கிடைத்திருக்கிறது'. ஹிர் கூரை வழியாக ஓடி, வழுக்கி, விழுகிறார்.

இந்தக் கதைக்கு மூலம் ஜார்ஜ் சிமெனோன் 1933இல் எழுதிய நாவல். அதில் ஹிர் ஒரு யூதத் தையல்காரரின் மகன், உண்மையான பெயர் ஹிரோவிச். அங்கே அவரைச் சாகடிப்பது கும்பல். போர்க்காலத்தை அமெரிக்காவில் கழித்துவிட்டு பிரான்ஸ் திரும்பிய ஜூலியன் துவிவியே, 1946இல் இதையே 'பனிக்' என்று எடுத்தார். அதிலும் கும்பல்தான் மையம். அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுத்த காலம் முடிந்து அதிக நாள் ஆகாத ஊரில், அந்தப் படம் யாரைச் சுட்டுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

லகோந்த் கும்பலை ஓரங்கட்டிவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார். இங்கேதான் என் சிக்கல் ஆரம்பிக்கிறது. கும்பல் நடுவில் இருந்தால் கேள்வி சுலபம்: 'இவர் கொன்றாரா?' இல்லை. முடிந்தது. ஜன்னல் நடுவில் வந்துவிட்டால் இன்னொரு கேள்வி வருகிறது: 'இவர் செய்துகொண்டிருப்பது என்ன?' படம் இரண்டாவது கேள்வியை எழுப்பிவிட்டு, முதல் கேள்விக்கான பதிலை அதன் தலையில் வைக்கிறது. கொலை செய்யாதவர், எனவே நிரபராதி. எனவே பாவம். எனவே அவர் பார்த்ததெல்லாம் காதல்.

பிராம்ஸை நிறுத்திவிட்டு அதே காட்சியை யோசித்துப் பாருங்கள். இருட்டு அறை. ஓர் ஆள். எதிரே, தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாமல் உடை மாற்றும் 20 சொச்சம் வயதுப் பெண். ஒரு ராத்திரி இல்லை, தினமும். அப்போ வேறு பெயர்தான் வாயில் வரும்.

சரி, தனிமைன்னா அப்படித்தான் இருக்கும், அவர் யாரையும் தொந்தரவு பண்ணலையே என்று ஒருவர் கேட்கலாம். யாரையும் என்றால் யாரை? படம் தொடங்குவதே செத்துக் கிடக்கும் பெண்ணின் உடலோடு. அவள் பெயர் பியரெத். அவளைக் கொன்றது யார் என்று ஹிருக்குத் தெரியும். எமிலின் மழைக்கோட்டையே சாட்சியாக ஒளித்து வைத்திருக்கிறார். சொன்னால் ஆலிஸும் உடந்தை என்று மாட்டிக்கொள்வாள், அதனால் வாய் திறப்பதில்லை. தியாகம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஆலிஸ் சிறைக்குப் போனால் எதிர் ஜன்னலும் இருண்டுவிடும், இல்லையா? அந்த ஜன்னலுக்குக் கொடுத்த விலை பியரெத்தின் நியாயம். படத்தில் அவளைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஆள் இன்ஸ்பெக்டர். அவரையும் நமக்குப் பிடிக்காமல் செய்துவிடுகிறார் லகோந்த்.

ஆலிஸுக்கு நடந்தது இதைவிட மோசம். சான்ட்ரின் பொனேரின் முகத்தில் ஆயிரம் விஷயம் ஓடுகிறது, திரைக்கதையில் அவளுக்கு இருப்பது ஒரே வேலை: துரோகம். மாதக்கணக்கில் ஒருவர் தன்னை வேவு பார்த்தார் என்று தெரிந்த ராத்திரி அவளுக்கு எப்படிப் போயிருக்கும்? படத்துக்கு அதில் ஆர்வம் இல்லை. அவள் செய்த துரோகம் பெரிது, சந்தேகமே இல்லை. அது பெரிதாகப் பெரிதாக, அவர் செய்தது சின்னதாகி, கடைசியில் காணாமலே போய்விடுகிறது.

இது நமக்குப் பழகிய கணக்கு. பின்னாலேயே சுற்றுகிறவன் நல்லவன், மறுக்கிறவள் கல்நெஞ்சக்காரி என்று எத்தனை தமிழ்ப் பாட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவற்றைக் கிண்டல் செய்யக் கற்றுக்கொண்ட நாமே, பிரெஞ்சில் பிராம்ஸோடு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

இதனால் படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஹிரின் தனிமை உண்மை. அவரை வெறுக்கும் தெருவின் அற்பத்தனமும் உண்மை. அந்தத் தெருவோடு சேர்ந்து அவரை வெறுக்க என்னால் முடியாது. தனியாக இருக்கிற மனிதர் மேல் இரக்கப்படலாம், இரக்கப்பட வேண்டும். அதற்காக அவர் பார்த்த பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அவர் சொல்லாமல் விட்ட பெண்ணை மறந்துபோக வேண்டும் என்றால், அந்த இரக்கத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

விழும்போது ஹிரின் கண் ஆலிஸைத்தான் பார்க்கிறது. அவளும் ஜன்னலில் நின்று பார்க்கிறாள். படத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். பியரெத் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை.