வெயில் செதுக்கும் தகடு

அச்சு ஓவியத்துக்குச் செம்புத் தகட்டை அமிலத்தில் அரிப்பது பழைய முறை. அமெரிக்க ஓவியர் டான் வெல்டன் 1970-களில் வளர்த்தெடுத்த பாலிமர் தகட்டு முறைக்கு வெயிலும் குழாய்த் தண்ணீரும் போதும்.

ஒளி ஊடுருவும் ஃபிலிமில் வரைந்த படத்தைத் தகட்டின்மேல் வைத்து வெயில் காட்டுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். கறுப்புக் கோடு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து பள்ளமாகும். அகன்ற கருமைக்கு நுண்புள்ளித் திரை வைத்து இன்னொரு முறை ஒளி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கும்போது பள்ளத்து மையும் போய்விடும்.

மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்தினால், பள்ளத்து மை காகிதத்தில் மேடாக எழும். விரலால் தடவினாலே கோடு தட்டுப்படும். அமிலப் புகையில்லாமல் இந்த ஆழ்ந்த கருமை கிடைப்பது வரம். அச்சுக்கலை பழக விரும்புவோர் இதிலிருந்தே தொடங்கலாம்.