பிள்ளை யார் கையில்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தரம் பிரிக்கும் பெண்களிடையே ஒரு மாத நாவல் கைமாறினால், படித்து முடித்தவளிடம் அடுத்தவள் முதலில் கேட்பது, "பிள்ள கெடச்சிருச்சா?" என்றுதான். கல்யாணம் எப்படியும் ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வில்லன் மாட்டுவான் என்பதும் தெரியும். பிள்ளை விஷயத்தில் மட்டும் எந்த எழுத்தாளரையும் நம்ப முடியாது. தாய்மையைச் சுற்றிப் பின்னிய மர்மக் காதல் கதை தமிழில் இத்தனை காலம் விலைபோவதற்கு இந்த அவநம்பிக்கையே மூலதனம்.

அச்சு வருவதற்கு முன்பே இதற்கு ஓர் ஆதி வடிவம் தெற்குச் சீமையில் இருந்தது. நல்லதங்காள் கதையைக் கேட்கப் போகிற எவருக்கும் முடிவு தெரியும்: பஞ்சம், அண்ணி மூளி அலங்காரி, பாழுங்கிணறு, ஏழு பிள்ளைகள். அப்படித் தெரிந்திருந்தும், ஒரு பையன் மட்டும் தப்பி ஓடப் பார்க்கிற இடத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று துடிக்கிறோம்; துரத்துகிற தாயையும் வெறுக்க முடியவில்லை. பின்னால் வந்த நாவல்காரர்களில் இந்த இரட்டைத் தவிப்பை எட்டியவர்கள் குறைவு.

அச்சுக்கு வந்தபோது ஆபத்து முதலில் மனைவியைத்தான் சூழ்ந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வில் கணவன் வீட்டாரே பெண்ணை விற்கிறார்கள். அவர் காட்டிய பாதையில் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாள், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியபடி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மர்மத்தின் சாவி அவர் கையில் சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தது. கடிதம், நகை, காணாமற்போன உறவு எல்லாமே வீட்டுக்குள் இருந்தன.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு எலன் உட் 1861இல் வெளியிட்ட 'ஈஸ்ட் லின்' ஒரு பெரிய அளவுகோல். கணவனையும் குழந்தைகளையும் விட்டு ஓடிய இசபெல், ரயில் விபத்தில் முகம் சிதைந்து, பெயரை மாற்றிக்கொண்டு, தன் சொந்த வீட்டிலேயே குழந்தைகளுக்கு ஆசிரியையாகத் திரும்பி வருகிறாள். மகன் சாகக் கிடக்கிறான். நான்தான் உன் அம்மா என்று சொல்ல வாயில்லை. பெற்ற வீட்டிலேயே ஆயாவாக நிற்கும் அம்மாவை நம் மாத நாவல்களிலும் சினிமாவிலும் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! வாசகருக்குத் தெரிந்த உண்மை பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. அழுகை அந்த இடைவெளியில்தான் ஊறுகிறது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய குடும்ப நாவல் மரபில் மருத்துவரான லட்சுமி ஒரு தனிப் பள்ளி. பிரசவமும் நோயும் வாழ்வின் சாதாரணச் செலவுகள் என்று அறிந்த கை அவருடையது. ரமணிசந்திரன் வழி வேறு: காதல் முன்னே, சந்தேகம் பின்னே. அவர் வழியில் வந்தவர்கள் ஓயாமல் எடுத்தாண்ட ஒரு முடிச்சு உண்டு. அக்கா பிள்ளையைத் தன் பிள்ளை போல வளர்ப்பாள் நாயகி. ஊர் தப்பாகப் பேசும். நாயகனும் அதை நம்புவான். அவன் எப்போது மன்னிப்புக் கேட்கிறான் என்பதை வைத்தே நான் அந்த நாவலை எடைபோடுவேன். உண்மை தெரிந்த பிறகு கேட்டால் அது வெறும் கணக்குத் தீர்ப்பு. தெரியாமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டவன்தான் நாயகன். ராஜேஷ்குமார் வகையறாத் துப்பறியும் கதைக்காரர்கள் வேகத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் அங்கே தாய் பெரும்பாலும் ஒரு தடயம், அவ்வளவுதான்.

ரகசியத்தை எப்போது உடைப்பது என்பதில்தான் இந்த வகையின் தொழில் நேர்த்தி தெரியும். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒன்றாக விளையாது. தூரில் படர்ந்த சரத்தில் விளைந்ததை மட்டும் குனிந்து எடுத்து, இளங்காயை விட்டுவிட்டு, மாதம் ஒன்றரை மாதம் கழித்து அடுத்த சுற்றுக்கு வருவார்கள். அவசரக்காரி சரத்தோடு உருவினால் அடுத்த சுற்றுக்கு எதுவும் மிஞ்சாது. தொடர்கதைக்காரருக்கும் இதுதான் விதி. பிள்ளை யாருடையது என்பதை ஐந்தாம் அத்தியாயத்திலேயே கொட்டிவிட்டு, மீதிப் பக்கங்களைக் கார் துரத்தலால் நிரப்பிய நாவல்கள் ஏராளம்.

இன்னொரு அளவுகோல், மலைக்குக் கதையில் வேலை இருக்கிறதா என்பது. தமிழ்க் காதல் நாவலில் எஸ்டேட் என்றால் பங்களா, பனி, ஓர் அல்சேஷன் நாய். முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் வந்தால், வில்லனின் கார் உருளுவதற்காக மட்டும் வரும். அதே சாலையில் கருக்கலில் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்களில் கைப்பிள்ளைக்காரிகளும் உண்டு. பிள்ளை பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். மழையில் மண் சரிந்து ஜீப் இறங்கத் தாமதமானால், மேலே ஒருத்தியும் கீழே ஒரு வீடும் தவிக்கிற தவிப்புக்கு எந்தத் திகில் நாவலும் ஈடில்லை.

தேனி மண்ணிலிருந்து வந்த வைரமுத்துவின் 'கருவாச்சி காவியம்' மர்ம நாவல் அல்ல. ஆனாலும் பஞ்சாயத்தில் அறுத்துவிடப்பட்ட கருவாச்சி, துணைக்கு ஆளில்லாமல் தானே பிள்ளை பெறுகிற இடத்தைப் படித்தவர்கள் கதைத் திகிலின் உச்சம் எது என்று வாதாட மாட்டார்கள். அங்கே வலியும் உடம்பும் இருக்கின்றன. தாய்மைக்கு மாலை போடும் வசனம் குறைவு. அம்மாவைத் தெய்வமாக்கியதும் கதையில் பயம் போய்விடுகிறது, தெய்வத்துக்கு எதுவும் ஆகாது என்பதால். தப்புச் செய்யக்கூடியவள், கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டுப் பிறகு அழக்கூடியவள், காதலனையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் விரும்பித் திண்டாடுகிறவள் என்றால்தான் பக்கத்தைப் புரட்டும் கை நடுங்கும்.

இப்போது மாத நாவல் அடங்கி, கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதும் பெண்கள் பெருகிவிட்டார்கள். பிரதிலிபி போன்ற தளங்களில் ஒற்றைத் தாய்மார்களும் மறுமணம் செய்தவர்களும் கதையில் கூச்சமின்றி வருகிறார்கள். இது நல்ல மாற்றம். பங்களா மட்டும் இன்னும் இடியவில்லை. நாயகனும் ஜீப் ஓட்டுவதில்லை, காரில்தான் வருகிறான்.