இறந்தும் இறவாப் பகைவர் இருவர்

பகைவன் வலியன் என்று ஆசிரியன் சொல்லிவிட்டால் போதுமா? அவ்வலிமை எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? காவியத்திற்குரிய இக்கேள்வியை மேசைமேல் ஆடும் ஓர் ஆட்டத்தின்பால் திருப்புவதை வாசகர் பொறுத்தருள்வாராக.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தில் காய்களைவிடப் பேச்சுக்கே இடம் மிகுதி. ஒருவர் ஆட்டத் தலைவராக அமர்ந்து உலகையும் பகைவரையும் நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு வீரனாக நின்று பேசுவர். ஐயமான செயல்களைப் பகடை தீர்க்கும். இதற்கென அச்சிட்ட கதைத்திட்டங்கள் பல உண்டு. அவற்றுள் இரண்டை, அவற்றில் வரும் தலைமைப் பகைவர் பொருட்டு, ஈண்டு ஒப்புநோக்குவோம். இருவரும் செத்தவர், செத்தும் சாகாதவர்.

முன்னவன் அசெரெராக் என்னும் மந்திரவாதி. 'லிச்' என்னும் வகுப்பினன். லிச் என்பான் தன் உயிரை உடலினின்று பிரித்து வேறொரு பொருளில் ஒளித்து வைப்பவன். ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் உடலில் உயிரை வைத்தவன் கதையைப் பாட்டியிடம் கேட்ட நமக்கும், ஊசிமுனையில் சாவை ஒளித்த கொஷ்செயை அறிந்த ருசியருக்கும் இவன் புதியவன் அல்லன். கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டியாட்டத்திற்கென அமைத்து, 1978இல் அச்சேறிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' இவனுடைய கல்லறை. தம் வீரரை எவராலும் வெல்லவொண்ணாது என்று தருக்கிய ஆட்டக்காரரை அடக்கவே கைகாக்ஸ் இதனை இயற்றினார். நுழைவழியின் கோடியில் பச்சைப் பேய்முகம் ஒன்று வாய்பிளந்து நிற்கிறது. அவ்வாயினுள் புகுந்தவன் இல்லாதொழிவான். பகடை உருட்டிப் பிழைக்கவும் வழியில்லை. இத்தகைய பொறிகளையெல்லாம் கடந்து கடையறையை அடைந்தால், அங்கிருப்பது மணிகள் பதித்த ஒரு மண்டையோடு. தொட்டால் எழும், ஆவியை உறிஞ்சும். அதுவரை அது எதனையும் செய்வதில்லை, எதனையும் விரும்புவதுமில்லை.

மாணவன் தோற்க வேண்டும் என்று முன்னரே முடிவுசெய்து வினாத்தாள் அமைக்கும் தேர்வாளரை நம் ஆசிரியர்கள் அறிவர். அத்தாளில் நுட்பம் இருக்கும், கல்வி இராது. அசெரெராக்கின் வலிமையும் அத்தகையதே. அவன் பகைவன் அல்லன், புதிர். விடை தெரிந்தபின் அவனிடம் அச்சம் ஏது?

மற்றவன் ஸ்டிராட் வான் ஸரோவிச். பாதாள ஆட்டம் ஒன்றில் காரணமேயின்றி எதிர்ப்பட்ட குருதியுண்ணும் 'வேம்பயர்' ஒன்றைக் கண்ட டிரேசி ஹிக்மன், இவன் இங்கு என் செய்கிறான் என்று எண்ணலானார். அவரும் துணைவியார் லாராவும் எழுதி 1983இல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்' அவ்வினாவிற்கு விடை. ஸ்டிராட் முதுமை நெருங்கும் காலத்தில் தம்பி செர்கையின் மணமகளை விரும்பினான். சாவோடு உடன்படிக்கை செய்து, மணநாளன்றே தம்பியைக் கொன்றான். அவள், டாட்டியானா, கோட்டையின் உச்சியிலிருந்து மூடுபனியுள் வீழ்ந்தாள். அவள் சாயலில் இரீனா என்னும் பெண் இப்போது அடிவாரத்து ஊரில் இருக்கிறாள். ஆகவே இவன் அறையில் காத்திருப்பதில்லை. தேடி வருகிறான், ஆழம் பார்க்கிறான், விருந்துக்கு அழைக்கிறான். அடிபட்டால் பின்வாங்குகிறான். ஓடத் தெரிந்த பகைவனே மீண்டும் வருவான் அல்லவா?

வலிமை எண்ணிக்கையில் என்பாரும் உளர். 2014ஆம் ஆண்டு விதிநூலில் முதிய செந்நிற டிராகனுக்கு உயிர்ப்புள்ளி 546, லிச்சுக்கு 135. 2016இல் மீண்டும் வந்த ஸ்டிராடுக்கு 144. ஐவர் சூழ்ந்து ஐந்து முறை வெட்டும்போது தனியனுக்கு ஒரே முறைதான் கிடைக்குமாயின், எத்தனை புள்ளி இருந்தும் என்ன பயன்? இதனையுணர்ந்தே அவ்விதிகள் இவ்விருவருக்கும், பிறர் முறை முடிவில் இடைபுகுந்து, சுற்றொன்றுக்கு மூன்று செயல்கள்வரை ஆற்றும் உரிமை தந்தன. ஸ்டிராட் தன் கோட்டைச் சுவர்களை ஊடுருவியும் செல்வான். வீழ்ந்தால் பனியாகிச் சவப்பெட்டியை நாடுவான். இரண்டு மணி நேரத்திற்குள் அதனை அடையானாகில் அழிவான். இவ்விதியே எனக்கு மிகப் பிடித்தது. வீரர் வெல்லும் வழியும் அவன் பிழைக்கும் வழியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அச்சவப்பெட்டி எங்கே என்று முன்னரே தேடியறிந்தவர்க்கே வெற்றி.

ரேவன்லாஃப்டிலும் குறை உண்டு. 1983 நூலில் குறிசொல்பவள் வைக்கும் சீட்டுகளே ஆயுதங்களின் இடத்தையும் ஸ்டிராட் இருக்குமிடத்தையும் உறுதிசெய்யும். ஆட்டத்திற்கு ஆட்டம் இடம் மாறும். இது நன்று. ஆனால் அவனுடைய நோக்கத்தையும் சீட்டிடமே விட்டதுதான் பிழை. தம்பியைக் கொல்லத் துணிந்த ஆசை, ஒரு சீட்டு மாறியதும் வேறாகுமா? 2016 பதிப்பு இதனைத் திருத்திக்கொண்டது: சீட்டுகள் ஆயுதங்களையும் துணைவரையும் பகைவன் இடத்தையும் மட்டுமே கூறுகின்றன. இரீனாவின்மேல் வைத்த கண்ணை அவன் எடுப்பதில்லை.