உடைமையும் அன்பும்: ஒரு காதற்புதினமும் அதன் நாட்குறிப்புகளும்

காதற்புதினம் என்றவுடனே அது பொழுதுபோக்கிற்குரியது, இறையியல் மாணவரின் மேசைக்கு ஏற்றதன்று என ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம்மில் பலருக்கு உண்டு. அவ்வாறு ஒதுக்கத்தக்க நூல்கள் மிகப் பல என்பதும் உண்மையே. ஆயினும் சிற்சில வேளைகளில், காதலைப் பற்றிய கதை ஒன்று, பழைய ஏடுகளை எவ்வாறு படிக்கவேண்டும், பிறருடைய மறைவான வாழ்வை அறியும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு என்னும் வினாக்களை நம்முன் வைத்துவிடுகிறது. ஆங்கில எழுத்தாளர் ஏ. எஸ். பயட் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பொசெஷன்' அத்தகைய நூல். அவ்வாண்டின் புக்கர் பரிசும் அதற்கே கிடைத்தது. 1936இல் பிறந்து 2023இல் மறைந்த பயட், இளமையில் குவேக்கர் சபையாரின் பள்ளியில் பயின்றவர். பின்னர்க் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர். ஆராய்ச்சியாளர் உலகின் பெருமையையும் சிறுமையையும் அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார்.

தலைப்பின் பொருள்

நூலின் தலைப்பாகிய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. உடைமை என்பது அதன் முதற் பொருள். ஆவி ஒருவரைப் பிடித்துக்கொள்ளுதல் இரண்டாவது பொருள். காதலோ வேட்கையோ ஒருவரை முற்றும் ஆட்கொள்ளுதல் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதையே ஆசிரியர் கதையின் அடித்தளமாக்கிக்கொண்டார். கோல்ரிட்ஜ் என்னும் கவிஞரின் குறிப்பேடுகளைப் பதிப்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட கேத்லீன் கோபர்ன் என்னும் அம்மையாரைப் பிரிட்டிஷ் நூலகத்தில் கண்டபோது, இவர் அக்கவிஞரை உடைமையாகக் கொண்டாரா, அன்றி இறந்த கவிஞர் இவரைப் பிடித்துக்கொண்டாரா என்னும் எண்ணம் தமக்குத் தோன்றியதாகவும், அதுவே இந்நூலுக்கு வித்தாயிற்று என்றும் பயட் கூறியுள்ளார். திருமறையைக் கற்பதிலேயே வாழ்நாளைச் செலவிடுவோருக்கும் இவ்வினா அயலானதன்று.

கதை

1986ஆம் ஆண்டு இலண்டன் நூலகத்தில், இத்தாலியத் தத்துவ அறிஞர் வீக்கோவின் பழைய நூலொன்றை ரோலண்ட் மிச்செல் என்னும் ஏழை ஆராய்ச்சி மாணவன் திறக்கிறான். ராண்டால்ஃப் ஹென்றி ஆஷ் என்னும் விக்டோரியா காலக் கவிஞருக்கு ஒரு காலத்தில் சொந்தமாயிருந்த நூல் அது. பெயர் குறிக்கப்படாத ஒரு பெண்ணுக்கு அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட இரண்டு கடிதங்கள் அதன் தாள்களுக்கிடையில் கிடக்கின்றன. ரோலண்ட் அவற்றை எவருக்கும் சொல்லாமல் எடுத்துச் சென்றுவிடுகிறான். களவில் தொடங்கும் காதற்கதை இது. அப்பெண் கிறிஸ்டபெல் லமோட் என்னும் கவிஞர் என்று துப்புக் கிடைக்கவே, அவரைப் பற்றி ஆராயும் மாட் பெய்லி என்னும் பேராசிரியையை அவன் நாடுகிறான். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பின்தொடர்ந்து இருவரும் செல்லுமிடமெல்லாம், இறந்தவர்களின் காதல் வெளிப்பட வெளிப்பட, உயிரோடிருப்போரின் காதலும் மெல்ல அரும்புகிறது. ஆஷ், லமோட் ஆகிய இருவரும் கற்பனை மாந்தரே. அவர்களுடைய கவிதைகள், கடிதங்கள், நாட்குறிப்புகள் அனைத்தையும் அக்கால நடையில் பயட் தாமே எழுதியுள்ளார்.

இருவரின் காதலும் 1859ஆம் ஆண்டுக் கோடையில் யார்க்ஷயர் கடற்கரையில் நிறைவேறுவதாக ஆசிரியர் அமைத்திருப்பது நோக்கற்பாலது. அவ்வாண்டு நவம்பரில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. மறு ஆண்டில், ஆங்கிலத் திருச்சபையைக் கலக்கிய 'கட்டுரைகளும் மதிப்புரைகளும்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. கடலுயிர்களைத் திரட்டி ஆராயும் ஆஷ், பழைய நம்பிக்கையின் தரை காலடியில் நழுவுவதை உணர்ந்தவர். நம்பிக்கை தளர்ந்த அத்தலைமுறையில் சிலர் இறந்தோரின் ஆவிகளை அழைக்கும் கூட்டங்களை நாடினர். கிறிஸ்டபெல்லும் அவ்வழி செல்கிறாள். தலைப்பின் இரண்டாம் பொருள் இங்கே கதைக்குள் நுழைகிறது.

மூன்று நாட்குறிப்புகள்

முதலாவது, கிறிஸ்டபெல்லின் தோழி பிளாஞ்ச் குளோவர் எழுதியது. இருவரும் ரிச்மண்டில் ஒரே வீட்டில் கலைக்கும் எளிய வாழ்வுக்கும் தங்களை ஒப்புக்கொடுத்து வாழ்ந்தனர். அவ்வீட்டின் பெயர் பெத்தானியா. சகோதரிகள் இருவர் வாழ்ந்த ஊரின் பெயர் அது என்பதை நம் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த அமைதியான வீட்டைச் சுற்றி ஏதோ ஒன்று பதுங்கித் திரிவதுபோல் பிளாஞ்ச் தன் ஏட்டில் எழுதும் பகுதிகள், கைவிடப்படப் போகிற ஒருத்தியின் அச்சத்தை உருக்கமாகக் காட்டுகின்றன.

இரண்டாவது, பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் வாழும் உறவுப்பெண் சபீன் எழுதியது. கருவுற்ற கிறிஸ்டபெல் அங்கே அடைக்கலம் புகுகிறாள். எழுத்தாளராக விரும்பும் சபீன் யாவற்றையும் கூர்ந்து நோக்கி எழுதுகிறாள். ஆயினும் பிறந்த குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்னும் ஒன்றை மட்டும் அவளால் அறியக்கூடவில்லை. கண்ணுக்கு எதிரே நடப்பதை எழுதுபவருக்கும் முக்கியமானது மறைந்துவிடலாம் என்பதற்கு அவளுடைய ஏடு சான்று.

மூன்றாவதே இந்நூலின் உயிர்நாடி என்பது என் கருத்து. அது ஆஷின் மனைவி எலனின் நாட்குறிப்பு. பியாட்ரிஸ் நெஸ்ட் என்னும் முதிய ஆராய்ச்சியாளர் கால் நூற்றாண்டாக அதைப் பதிப்பிக்க முயன்றும் முடிக்கவில்லை. ஏனையோர் அவரை எள்ளி நகையாடுகின்றனர். வீட்டு வேலை, தலைவலி, படித்த நூல்கள், வேலைக்காரப் பெண் பெர்த்தா கருவுற்றிருப்பதைப் பற்றிய கவலை ஆகியவையே அதில் உள்ளன. பார்வைக்குச் சுவையற்ற ஏடு. பியாட்ரிஸ் மட்டும், நெடுங்காலம் அதனோடு வாழ்ந்ததனால், படிப்பவரைத் திசைதிருப்பும் பொருட்டே அது எழுதப்பட்டது என உணர்கிறார். கணவர் யார்க்ஷயரில் இருந்த அதே நாட்களில் யாரோ ஒரு பெண் தன்னைக் காண வந்ததாக எலன் எழுதுகிறாள்; யார், ஏன் என்று எழுதவில்லை. வந்தவள் பிளாஞ்ச், துரோகத்தை அறிவிக்கவே வந்தாள்.

எலன் பொய் எழுதவில்லை, உண்மையையும் எழுதவில்லை. முதலிரவின் அச்சம் என்றும் தீராமல், அவளுடைய மணவாழ்வு பெயரளவிலேயே நின்றுவிட்டதைப் பின்னர் ஆசிரியர் நமக்குத் தெரிவிக்கிறார். 1889இல் ஆஷ் மரணப்படுக்கையில் இருக்கும்போது கிறிஸ்டபெல்லிடமிருந்து கடிதம் வருகிறது. எலன் அதைக் கணவரிடம் கொடுக்கவில்லை, தானும் பிரிக்கவில்லை, எரிக்கவுமில்லை. ஒரு பெட்டியிலிட்டுக் கணவரோடு புதைத்துவிடுகிறாள். இது பழிவாங்கலா, இரக்கமா, கோழைமையா? ஆசிரியர் தீர்ப்பளிக்கவில்லை. ஆலோசனை தேடி வருவோரின் மௌனத்தோடு பழகிய எந்த ஆயரும் இதற்கு விரைந்து விடை கூறமாட்டார்.

அறிவின் எல்லை

ஏடுகளை வேட்டையாடும் அறிஞர்களை ஆசிரியர் நயமாகவும் கடுமையாகவும் தீட்டுகிறார். மார்டிமர் கிராப்பர் என்னும் அமெரிக்க அறிஞர் ஆஷின் கடிகாரத்தைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். இறுதியில் அந்தப் பெட்டிக்காக நள்ளிரவில் கல்லறையையே தோண்டுகிறார். 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தில் பல்லாயிரம் மரங்களை வீழ்த்திய புயல் அவ்வேளையில் அவர்மீது வந்து மோதுகிறது. ஆயினும் முதற் கடிதங்களைத் திருடிய ரோலண்டும் அவருக்கு எவ்வளவு வேறுபட்டவன் என்பதை வாசகரே எண்ணிப்பார்க்குமாறு ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

பெட்டி திறக்கப்படுகிறது, கடிதம் படிக்கப்படுகிறது. குழந்தை இறக்கவில்லை, கிறிஸ்டபெல்லின் சகோதரி தன் மகளாக வளர்த்தாள், பெற்றவளோ அதே வீட்டில் அன்பு பெறாத சிற்றன்னையாய் முதுமையடைந்தாள். மாட் அக்குழந்தையின் வழித்தோன்றல் என்பதும் தெரியவருகிறது. மகளைப் பற்றி அறியாமலே ஆஷ் இறந்தார் என்று அறிஞர்கள் முடிவுசெய்கின்றனர். இங்கே நூல் முடிந்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் ஒரு சிறு பின்னுரை சேர்க்கிறார். 1868இல் ஒரு நாள் ஆஷ் அச்சிறுமியைப் புல்வெளியில் சந்தித்தார். மலர்முடி புனைந்து கொடுத்தார். அவள் கூந்தலில் ஓர் இழையைப் பெற்றுச் சென்றார். சிற்றன்னைக்கு ஒரு செய்தியும் சொல்லியனுப்பினார். விளையாட்டில் சிறுமி அதை மறந்துவிட்டாள். எந்த ஏட்டிலும் இது எழுதப்படவில்லை. பெட்டியில் கிடைத்த கூந்தலிழையை அறிஞர்கள் காதலியுடையதென்றே எண்ணுகின்றனர். சான்று கையிலேயே இருக்கிறது, பொருள் தவறிவிட்டது.

ஏடுகளையே ஆதாரமாகக் கொண்டு நடந்த கதையில், ஏடுகளுக்கு அப்பாற்பட்ட இக்காட்சியை வைத்தது கலையுரிமை மட்டுமன்று. அது ஓர் அறநெறி. நம் அறிவு குறைவுள்ளது எனக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது அன்பைப் பற்றிய அதிகாரத்திலேயே என்பது கருதத்தக்கது.

நூலின் குறைகள்

கிராப்பர் போன்ற மாந்தர் சில இடங்களில் கேலிச்சித்திரமாகிவிடுகின்றனர். நெடுங்கவிதைகள் பொறுமையைச் சோதிக்கின்றன. இவை சிறு குறைகள். பெருங்குறை ஒன்று உண்டு. கைவிடப்பட்ட பிளாஞ்ச் தேம்ஸ் நதியில் விழுந்து உயிர்விடுகிறாள். அவள் தீட்டிய ஓவியங்களும் பிற்காலத்தார் கைக்கு வந்து சேரவில்லை. நூலின் முடிவிலோ வம்சவரிசை கண்டுபிடிக்கப்பட்ட மகிழ்ச்சியே மேலோங்குகிறது. மத்தேயு எழுதிய வம்சவரலாறு பத்சேபாளைப் பெயரால் குறியாமல் உரியாவின் மனைவி என்றே குறிக்கிறது. தாவீதின் பெருமையை உரைக்கும் வரிசையிலேயே அநீதி இழைக்கப்பட்டவனின் பெயர் நிற்கிறது. பயட் தீட்டிய வம்சவரிசையில் பிளாஞ்சுக்கு அத்தகைய இடம் இல்லை. காதலின் அழகு அதன் விலையை மறைத்துவிடுகிறது.

நமக்கு

ரோலண்டும் மாட்டும் காதல் என்னும் சொல்லையே ஐயுறக் கற்பிக்கப்பட்ட தலைமுறையினர். ஒருவரையொருவர் விழுங்கிவிடுவோமோ என அஞ்சும் அவர்கள் இருவருக்கும், எவரும் இல்லாத வெண்ணிறப் படுக்கையே ஆசைக்குரிய கனவாக இருக்கிறது. மற்றவரின் தனிமையையும் தொழிலையும் பறிக்காமல் நேசிக்கலாம் என்று அவர்கள் இறுதியில் கற்றுக்கொள்கின்றனர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் மகதலேனா மரியாளிடம் தம்மைப் பற்றிக்கொள்ளவேண்டாமென்றது அன்பை மறுத்தது ஆகாது என்பதை அறிந்த நமக்கு இம்முடிவு புதியதன்று. ஆயினும் மணவாழ்வுக்கு ஆயத்தம்செய்யும் இளைஞரோடு பேச இது நல்ல கதை.

நம் திருச்சபை வரலாற்றை எழுதுவோரும் பெரும்பாலும் நாட்குறிப்புகளையே நம்பியிருக்கின்றனர். தரங்கம்பாடி மிஷனரிமார் அனுப்பியவற்றை ஹாலே நகரத்தார் 1710 முதல் அச்சிட்டனர். அச்சிடுமுன் திருத்தினர், சிலவற்றை விலக்கினர். அவ்வேடுகள் யாருக்காக எழுதப்பட்டன, எவற்றைச் சொல்லாமல் விட்டன, உபதேசியாரின் மனைவியும் வீட்டுப் பணியாளரும் அவற்றில் எங்கே நிற்கின்றனர் என்று கேட்காமல் படித்தால் நாமும் கூந்தலிழையைத் தவறாகப் பெயரிட்டுவிடுவோம். கேட்டபின்னும் விடை கிடையாத இடங்களை வெறுமையாகவே விட்டுவைக்கும் துணிவும் வேண்டும். பியாட்ரிஸ் நெஸ்டைப் போல் ஓர் ஏட்டோடு நெடுங்காலம் பொறுமையாய் வாழ்வதே இப்பணிக்குத் தகுதி. ஆங்கிலம் படிக்கவல்ல மாணவர் விடுமுறை நாட்களில் இந்நூலைப் படித்து, எலனின் பகுதிகளையேனும் இரண்டாம் முறை படிப்பாராக.