62ஏ: புள்ளிமானைப் பார்க்காத சட்டம்

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972க்கு 2022இல் வந்த திருத்தத்தை நம்மில் பெரும்பாலானோர் யானைக்காகத்தான் படித்தோம். வளர்ப்பு யானையை மதக் காரியத்துக்கோ வேறு காரியத்துக்கோ இடம் மாற்றலாம் என்று ஒரு வரி. அதைச் சுற்றி நடந்த சண்டையில் மீதிப் பக்கங்களை யாரும் புரட்டவே இல்லை. அந்த மீதியில்தான் 62ஏ பிரிவு இருக்கிறது. அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் பற்றி இந்தச் சட்டம் முதல்முறையாகப் பேசும் இடம் அது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

இரண்டே துண்டுகள்தான். ஒன்று, வரையறை: இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத, உள்ளே வந்தாலோ பரவினாலோ வனவிலங்குக்கோ அதன் வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய விலங்கு அல்லது தாவரம். இரண்டு, அதிகாரம்: அப்படிப்பட்ட இனத்தின் இறக்குமதி, வியாபாரம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை மத்திய அரசு அறிவிக்கை வழியாக ஒழுங்குபடுத்தலாம் அல்லது தடை செய்யலாம். அதிகாரம் பெற்ற அலுவலர் பறிமுதல் செய்யலாம், அழிக்கலாம்.

நான் வக்கீல் இல்லை. பிறர் எழுதின புரோகிராமை ரிவ்யூ பண்ணிப் பழகினவன். அதே பழக்கத்தில்தான் சட்டத்தையும் படிக்கிறேன். முதலில் டெஃபினிஷன், அப்புறம் அது எங்கெல்லாம் பயன்படுகிறது, கடைசியாக எந்த இன்புட் கொடுத்தால் உடையும் என்று பார்ப்பது. 62ஏ உடைய ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்தமானைக் கொடுத்தால் போதும்.

அந்தமான் தீவுகளில் புள்ளிமான் இயற்கையாகக் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அங்கே அதைத் தின்ன புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான் நீந்தும் என்பது பலருக்குத் தெரியாது. தீவு விட்டுத் தீவு நீந்தியே போய்ச் சேர்ந்திருக்கிறது. காட்டின் தரையில் முளைத்து வரும் மரக்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் பெரிய மரம் சாகும்போது அதன் இடத்தைப் பிடிக்க அடுத்த தலைமுறை இல்லாமல் போகிறது. மேலே பார்த்தால் பச்சைக் காடு, கீழே வெறும் தரை. வேறெங்கும் இல்லாத உயிர்கள் வாழும் தீவுக் காட்டுக்கு இதைவிடக் கெட்ட செய்தி என்ன இருக்க முடியும்?

ஆனால் 62ஏ-யைப் பொறுத்தவரை புள்ளிமான் அயல் இனமே இல்லை. ஏனென்றால் அது 'இந்தியாவைத் தாயகமாகக் கொண்டது'. கிண்டியிலும் முதுமலையிலும் மேய்கிற அதே மான்தானே! வேடிக்கை அதோடு முடியவில்லை. இதே சட்டத்தின் அட்டவணையில் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆக, தீவுக் காட்டைச் சுரண்டும் விலங்கை அந்தத் தீவுக் காட்டைக் காக்கவேண்டிய சட்டமே காவல் காக்கிறது.

இந்தியத் தவளை என்று நாம் சொல்லும் பெரிய மாட்டுத் தவளை கதையும் இதுதான். மீன்குஞ்சுகளோடு கலந்து அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் தலைப்பிரட்டைகள் மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்னும். இன்டர்வியூ தீவில் இருக்கும் காட்டு யானைகள்கூட மரக் கம்பெனி ஒன்று 1962இல் தொழிலை மூடியபோது விட்டுவிட்டுப் போனவற்றின் வாரிசுகள். மூன்றுமே மனிதன் கொண்டுபோய் விட்டவை, மூன்றுமே 'இந்தியர்கள்'.

பிரச்சினை என்னவென்றால், அயல் என்பது ஓர் உயிரினத்தின் குணம் இல்லை. உயிரினம், இடம் இரண்டும் சேர்ந்த உறவு. எங்கள் பாஷையில் சொன்னால் இரண்டு ஆர்கியுமென்ட் வாங்கவேண்டிய ஃபங்ஷனுக்கு ஒன்றை மட்டும் கொடுத்து, இன்னொன்றில் 'இந்தியா' என்று ஹார்ட்கோட் பண்ணியிருக்கிறார்கள். அரசியல் எல்லை எப்போது வரையப்பட்டது என்று தவளைக்குத் தெரியாது. போர்ட் பிளேரில் இருந்து சென்னை கடல் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்; மியான்மர் கரை அதைவிடப் பக்கம். ஆனால் வரையறைப்படி சென்னைத் தவளை உள்ளூர், மியான்மர் தவளை அயல்.

இது யாருக்கும் தோன்றாத விஷயமா என்றால், இல்லை. இந்தியா கையெழுத்திட்ட பல்லுயிர்ப் பன்மை உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2002இலேயே ஏற்ற வழிகாட்டு நெறிகளில் அயல் இனம் என்பது தன் இயற்கையான பரவல் எல்லைக்கு வெளியே கொண்டுபோகப்பட்ட இனம் என்றுதான் இருக்கிறது. நாட்டு எல்லை பற்றிப் பேச்சே இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இதை இன்னும் தெளிவாக எழுதியது. உள்நாட்டு இனமாகவே இருந்தாலும், இயற்கையாகப் பரவாமல் மனிதன் அதை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் அங்கே அது அயல். முன்னால் இரண்டு மாதிரிகள் இருந்தும் 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மசோதாவில் 'இந்தியாவைச் சேராத' என்று எழுத முடிந்ததை என்னால் சோம்பலாகத்தான் பார்க்க முடிகிறது.

இன்னும் எரிச்சலூட்டுவது, இடம் என்ற கருத்து பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. 62ஏ-க்கு முந்தின பிரிவு 62. உயர்ந்த பாதுகாப்பில் இல்லாத ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் 'தீங்குயிர்' என்று அறிவிக்கும் பழைய பிரிவு அது. 2015இல் பீகாரில் நீல்காய்க்கும் 2016இல் இமாச்சலில் குரங்குக்கும் பயன்படுத்தப்பட்டது. பகுதி, காலம் என்ற இரண்டும் அங்கே இருக்கின்றன. அப்படியே எடுத்துக் கீழே போட்டிருக்கலாம். 'அப்போ அந்தமான் மானுக்கு 62-ஐயே பயன்படுத்த வேண்டியதுதானே' என்று யாராவது கேட்கலாம். முடியும், ஆனால் அது மொத்தப் பாதுகாப்பையும் கழற்றி எறிந்து யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று விடும் வழி. திட்டமிட்ட கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது ஓட்டை சின்னது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கேடு 'வனவிலங்குக்கோ வாழிடத்துக்கோ' இருக்கவேண்டும் என்கிறது வரையறை. 1847இல் மொரீஷியஸிலிருந்து ஓர் ஆங்கிலேயர் கல்கத்தாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தை இன்று தென்னாட்டுத் தோட்டங்கள் வரை வந்துவிட்டது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வரிசையாகத் தாக்கியது. இவை பயிரைத் தின்பவை, எனவே 1914ஆம் ஆண்டுப் பூச்சிகள் சட்டத்தின் கீழ் வேளாண் துறையின் தலைவலி. மீன் என்றால் மீன்வளத்துறை. பூச்சிக்கோ நத்தைக்கோ இலாகா தெரியாது, தோட்டத்தில் இருந்து காட்டுக்குப் போகும், திரும்பி வரும். ஃபைல் மட்டும் போகாது.

இனி சீமைக்கருவேலம். இதில்தான் எனக்கு உண்மையான பயம் இருக்கிறது.

காமராசர் காலத்தில் வந்தது என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மரம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1877 வாக்கில் கடப்பா பக்கம் விதைத்ததாக வனத்துறைப் பதிவுகள் இருக்கின்றன. வறண்ட பூமிக்கு விறகு வேண்டும் என்று அரசாங்கமே பிற்பாடு பரப்பியது. ஆடு காயைத் தின்று புழுக்கையில் விதை போட, மீதியை ஆடே பார்த்துக்கொண்டது. இன்று ராமநாதபுரம் கண்மாய்களில் அது நிற்கிற நிலையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே மாவட்டத்தில் மழை பொய்த்த வருஷம் கரிமூட்டம்தான் சோறு போட்டது. மானாவாரிக் காட்டில் ஒன்றும் விளையாதபோது சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்துக் கரியாக்கி விற்பது ஒரு முழுப் பொருளாதாரம். 2017இல் மதுரைக் கிளை மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும், அதே வருஷம் சென்னையில் தலைமை அமர்வு இடைக்காலத் தடை போட்டதும் இந்த இரட்டை நிலையின் விளைவுதான் என்று நினைக்கிறேன். நீதிமன்றமே ஒரு வருஷத்துக்குள் இரண்டு பக்கமும் நின்றது.

இப்போது 62ஏ-யின் சொற்களை இங்கே ஓட்டிப் பாருங்கள். சீமைக்கருவேலம் வரையறையில் கச்சிதமாகப் பொருந்தும். அயல், வாழிடத்துக்குக் கேடு, இரண்டுமே ஆம். நாளை ஒரு அறிவிக்கை வந்து வியாபாரமும் வைத்திருத்தலும் தடை என்று ஒரே வரியில் போட்டால்? இந்தச் சட்டத்தை மீறினால் பொதுவான தண்டனை மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கரிமூட்டம் போடுபவர் வியாபாரம் செய்கிறார். பட்டா நிலத்தில் மரம் தானாக முளைத்திருக்கும் கிழவி வைத்திருக்கிறார். 'அப்படியெல்லாம் போடமாட்டார்கள், ஒழுங்குபடுத்தலாம் என்றும் இருக்கிறதே' என்பது நியாயமான பதில். அறிவிக்கை எழுதுபவர் விவேகமானவராக இருந்தால் மாவட்டவாரியாகப் பிரிக்கலாம்தான். ஆனால் எழுதுபவரின் விவேகத்தை நம்பி மூன்று வருஷச் சிறையை விட்டுவைப்பது நல்ல டிசைன் இல்லை. அத்தோடு, வெட்டி எரிப்பவரைத் தடுத்தால் மரம் குறையாது, கூடும்!

தென்னாப்பிரிக்கா இதே மரக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிறது. வறண்ட பகுதிகளில் நிழலுக்கும் தீவனத்துக்கும் வைத்தார்கள். நிலத்தடி நீரைக் குடித்துக்கொண்டு பரவியது. அவர்களுடைய 2014ஆம் ஆண்டு விதிகள் இனங்களை நாலு வகையாகப் பிரித்தன. உடனே ஒழிக்கவேண்டியவை 1ஏ. திட்டமிட்டுக் கட்டுப்படுத்தவேண்டியவை 1பி. அனுமதிச் சீட்டோடு வளர்க்கலாம் என்பவை 2. இருப்பது இருக்கட்டும், புதிதாக நடாதே, விற்காதே என்பவை 3. மரம் மேற்கு கேப், கிழக்கு கேப், ஃப்ரீ ஸ்டேட், வடமேற்கு மாகாணங்களில் 1பி. காயைத் தீவனமாக நம்பியிருக்கும் வடக்கு கேப்பில் மட்டும் 3. ஒரே மரம், மாகாணத்துக்கு மாகாணம் வேறு சட்டம். நிலத்தை விற்பவர் அதில் பட்டியலில் உள்ள இனம் இருந்தால் வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லவேண்டும் என்றும் ஒரு விதி. வில்லங்கச் சான்று மாதிரி! எனக்கு ரொம்பப் பிடித்த விதி இதுதான், ஏனென்றால் இது போலீஸை அனுப்பாமல் விலையை அனுப்புகிறது.

பூச்சி விடுவதிலும் அந்தக் கவனம் உண்டு. 1987இல் அவர்கள் விட்டது விதையை மட்டும் தின்னும் வண்டுகளை. மரம் நிற்கட்டும், காய் கிடைக்கட்டும், பரவல் மட்டும் குறையட்டும் என்பது கணக்கு. கணக்கு முழுசாகப் பலிக்கவில்லை, அங்கேயும் மரம் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. நல்ல சட்டம் இருந்தால் மரம் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு என்ன இழப்பு என்று முன்கூட்டியே யோசித்ததன் தடம் அந்தச் சட்டத்தில் தெரிகிறது. நம்முடையதில் தெரியவில்லை என்பதுதான் குறை.

தமிழ்நாட்டை ஒரு விஷயத்தில் பாராட்டவேண்டும். 2022இல் மாநில அரசு வெளியிட்ட ஆக்கிரமிப்புத் தாவரங்கள் கொள்கை அகற்றுவதோடு நிற்காமல், தலைப்பிலேயே சூழல் மீட்டெடுப்பையும் சேர்த்தது. இது முக்கியம். சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து துளிர்க்கும். ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் கிளறின மண்ணில் புதைந்து கிடந்த விதையெல்லாம் முளைக்கும். அங்கே வேறு எதையாவது நட்டுக் காப்பாற்றாவிட்டால் பில்லுக்குத்தான் வேலை நடந்திருக்கும். முதுமலையில் மஞ்சக்கொன்றையை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பியதும் உருப்படியான யோசனைதான். ஆனால் கொள்கை என்பது சட்டம் இல்லை. 62ஏ-யின் அதிகாரமோ முழுக்க மத்திய அரசிடம். மெட்ராஸ் மாகாணத்தின் 1919ஆம் ஆண்டு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தில்கூடக் களைச்செடியைக் குறிப்பிட்ட பகுதிக்கென்று அறிவிக்க மாகாண அரசுக்கு அதிகாரம் இருந்தது. நூறு வருஷம் கழித்து எழுதினதில் பகுதியும் இல்லை, மாநிலமும் இல்லை.

திருத்தம் எழுதச் சொன்னால் நான் இரண்டே இடத்தில் கை வைப்பேன். 'இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத' என்பதை எடுத்துவிட்டு 'தன் இயற்கையான பரவல் எல்லைக்கு வெளியே மனிதரால் கொண்டுசெல்லப்பட்ட' என்று போடுவேன். அறிவிக்கையில் பகுதியையும், வகையையும், அந்தப் பகுதியில் அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கான விலக்கையும் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்று ஒரு உட்பிரிவு சேர்ப்பேன்.

முதல் திருத்தத்தால் இன்டர்வியூ தீவு யானையும் அயலாகிவிடும். முதல் அட்டவணை விலங்கு. அதைச் சுடச்சொல்லி இந்த நாட்டில் எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது. கருத்தடை செய்யலாம், பிடித்துக் கும்கியாக்கலாம், அல்லது எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டு சும்மா விடலாம். எது என்று அந்தமான் வனத்துறை முடிவு செய்யட்டும். இப்போது அந்த முடிவை எடுக்க 62ஏ-யில் அவர்களுக்குக் கேள்வியே வராது.