ருக்மணி தேவியின் குரல்

சிங்களத் திரைப்படத்தின் முதல் கதாநாயகி ருக்மணி தேவி தேயிலை மலைநாட்டில் பிறந்தவர். நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், 1923 ஜனவரி 15ஆம் திகதி, கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். தந்தை தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர், தாய் ஆசிரியை. வளர்ந்ததும் படித்ததும் கொழும்பு வெள்ளவத்தையில். பள்ளி நாடகத்தில் மேடையேறிய சிறுமி, சில ஆண்டுகளில் இராமாயண நாடகத்தில் சீதையானார்.

அவர் கலையைப் படத்தைவிட இசைத்தட்டிலிருந்து அணுகுவதே பொருத்தம். 1930களின் கடைசியில் பாடகர் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடிய ‘சிறி புத்தகயா விகாரே’ என்ற பௌத்த பக்திப் பாடலை எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. அப்போது அவருக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும். பாடகர்களும் வாத்தியக்காரரும் ஒன்றாக இருந்து, தொடங்கியதை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பிசிறு தட்டினால் முழுவதையும் மறுபடி பாட வேண்டும். தேவாலயப் பாட்டுக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பெண், புத்தகயாவைப் போற்றும் சிங்கள வரிகளை ஒரு சொல்லும் மழுங்காமல் பாடியிருக்கிறார். பக்கவாத்தியம் எவ்வளவு நெருக்கினாலும் அவர் உச்சரிப்பு தனித்துக் கேட்கிறது. பிற்காலத்தில் இந்திய சினிமாவில் மெல்லிய, உச்சத்தில் நிற்கும் பெண் குரலே வழக்கமாகிவிட்டது. ருக்மணியின் குரல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது கனத்தது, அடி ஸ்தாயியில் இன்னும் நிறைவது. வரியின் முடிவில் மெல்ல நடுங்கும் அந்த இழுப்பில்தான் அவருடைய முத்திரை இருக்கிறது.

மேடையில் அவரை நிலைநிறுத்தியது நீர்கொழும்பின் மினர்வா நாடகக் குழு. அதை நடத்தியவர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன. அவர் தம்பி எடி ஜயமான்ன குழுவின் சிரிப்பு நடிகர். ருக்மணி மணந்ததும் அவரைத்தான். ஊர் ஊராக நடத்திய நாடகங்களில் ஒன்றான ‘கடவுனு பொறொந்துவ’, அதாவது உடைந்த வாக்குறுதி, சிங்களத்தின் முதல் பேசும் படமானது. தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம் ஒரு தமிழர். படப்பிடிப்பு மதுரையில் அவருடைய சித்ரகலா மூவிடோனில் நடந்தது. இயக்கியவர் வங்காளத்து ஜோதிஷ் சிங். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு கொட்டாஞ்சேனை மைலன் தியேட்டரில் படம் திரைக்கு வந்தது. ஆக, சிங்கள சினிமாவின் பிறப்பில் மதுரைக்கும் றம்பொடைக்கும் பங்கு உண்டு. மலையகத்துத் தமிழ் வாசகர் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

நாடகக் குழுவை அப்படியே கப்பலேற்றித் தென்னிந்தியா கொண்டுபோய், வாடகைக்கு எடுத்த தளத்தில், கையிருப்பு தீருமுன் எடுத்து முடித்தவையே மினர்வா குழுவின் படங்கள். தீட்டிய திரைச்சீலைகள், அட்டைச் சுவர்கள், மேடையை நோக்கி நிற்பது போலக் கமராவை நோக்கி நிற்கும் நடிகர்கள், இந்தியப் பட மெட்டில் உட்கார வைத்த பாடல்கள். ‘கபடி ஆரக்ஷகய’ (1948), ‘வெறதுனு குருமானம’ (1948), ‘ஹதிசி வினிஸ்சய’ (1949) என்று மினர்வா படங்கள் அடுத்தடுத்து வந்தன. கதைகள் மிகையானவை, திருப்பங்கள் எளிதில் ஊகிக்கக் கூடியவை. விமர்சகர்கள் இவற்றை இந்தியப் படங்களின் நகல் என்று ஒதுக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் கதாநாயகி வாய் திறந்ததும் அட்டைச் சுவர் மறந்துபோகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைவீச்சும் கண்ணீரும் மேடையிலிருந்து வந்தவை. அவற்றை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. பாட்டில் மட்டும் அடக்கத்தைக் கற்றிருந்தார். மைக்குக்கு எவ்வளவு குரல் போதும் என்பது இசைத்தட்டுக் கூடத்திலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பின்னணிக் குரல் தேடவேண்டாத நடிகை கிடைத்தது, சிக்கனத்தில் படமெடுத்தவர்களுக்கும் பெரிய உதவி.

1956இல் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படம் கமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன், கினிகத்தேனையிலிருந்து அவிசாவளைப் பாதையில் இறங்கினால் வரும் கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே மெய்யாகவே ஒரு மரப்பாலத்தைக் கட்டி, ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக அதைத் தகர்த்தார். அந்தப் படம் 1957இல் வெளியானது. மலைநாட்டின் ஆறும் காடும் உலகத் திரையில் தெரிந்தன. இந்த மலையில் பிறந்த நடிகையோ அதுவரை பெரும்பாலும் மதறாஸ் மாகாணத்து ஸ்டூடியோக்களின் தீட்டிய மலைகளுக்கு முன்தான் நின்றிருந்தார்.

புதிய யதார்த்த நடிப்பு ஓங்கியதும் மினர்வா பாணி பழசானது. கதாநாயகி வேடங்கள் குறைந்தன. இன்றைய நடிகைக்குப் படம் குறைந்தால் தொடர் நாடகம் இருக்கிறது. ருக்மணிக்கு அந்தக் கதவு இல்லை; இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979 ஏப்ரலில்தான். வானொலியும், ஊர் மைதானங்களில் நடக்கும் இரவு இசை நிகழ்ச்சிகளுமே அவரைத் தாங்கின. படத்தில் அவரைப் பார்த்திராத இளைய தலைமுறைக்கு, மேடையில் மைக்கின் முன் சேலையில் நிற்கும் நடுத்தர வயதுப் பாடகியாகவே அவர் அறிமுகமானார். வயது அந்தக் குரலின் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அடி ஸ்தாயிக்கு ஆழம் கொடுத்தது. அது நட்டமான பேரம் ஆகவில்லை.

அவரை ஒதுக்கிய புதிய சினிமாவே கடைசியில் அவரைத் தேடி வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘அஹசின் பொலவட்ட’ (1978) படத்தில் அவருக்கு ஒரு துணை வேடம் கொடுத்தார். பாட்டும் மிகையும் வேண்டாத வேடம் அது. மினர்வா படங்களோடு இதை அடுத்து வைத்துப் பார்ப்பவர், முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே நடிகை இரண்டு இலக்கணங்களில் நடித்திருப்பதைக் காணலாம்.

1978 அக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்புகையில், ஜா-எலைக்கு அருகே துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்தில் ருக்மணி தேவி இறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. இறுதிச் சடங்குக்குப் பெருங்கூட்டம் திரண்டது.